பேரடையை நிறுக்கும் கொத்துக்கள்: எண்ணைக் கேட்க முதல் ஆரையைக் கேளுங்கள்

மே மாதக் கடைசியில், கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய பிறகு, திருகோணமலை வானம் பெரும்பாலும் வெளித்திருக்கும். இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் தெற்கே திரும்பி நின்று முதலில் சித்திரை நட்சத்திரத்தைப் பிடியுங்கள். 70 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில், நீலம் கலந்த வெள்ளையாக நிற்கும். அதிலிருந்து நேர் கீழே 36 பாகை இறங்க வேண்டும். கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் ஒரு முட்டி ஏறத்தாழ 10 பாகை, ஆகவே மூன்றரை முட்டி. அங்கே இருப்பது ஒமேகா சென்டோரி. வெறுங்கண்ணுக்கு மங்கிய ஒற்றை விண்மீன். 10×50 பைனாகுலருக்குப் பஞ்சு உருண்டை. அது உண்மையில் பல மில்லியன் விண்மீன்கள் சேர்ந்த கோளக் கொத்து. நிலாவெளி, உப்புவெளிக் கரையில் நின்று தேடுபவர்கள் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு: அங்கிருந்து பார்த்தால் நகர வெளிச்சம் தெற்குப் பக்கம்தான் விழும், கொத்தும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. மூதூர்ப் பக்கம் போனால் அதே வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

அந்தப் பஞ்சு உருண்டை நகர்கிறது. வானத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 மில்லி வில்செக்கன். ஒரு பாகையை 3,600ஆல் பிரித்தால் ஒரு வில்செக்கன், அதை இன்னும் ஆயிரமாக நறுக்கினால் ஒரு மில்லி வில்செக்கன். இந்த வேகத்தில் முழுநிலாவின் அகலத்தைக் கடக்க அதற்குச் சுமார் 240,000 ஆண்டு பிடிக்கும். இதை அளக்க முடிகிறது என்பதே பெரிய காரியம். இதையும் இதைப் போன்ற நூற்றைம்பது சொச்சம் கொத்துக்களின் ஓட்டத்தையும் சேர்த்து வைத்துத்தான் நாம் இருக்கிற பேரடையான பால்வீதியை நிறுக்கிறார்கள். (உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்கள் கோபிக்கக் கூடாது. நிறுப்பது என்று பேச்சுக்குச் சொன்னாலும் கிடைப்பது திணிவுதான்.)

அடிப்படை, வட்ட இயக்கப் பாடத்தில் படித்ததுதான். வயலில் குருவி விரட்டக் கவண் சுற்றுகிறவனுக்குத் தெரியும்: கல் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுக்குக் கயிறு கையை இழுக்கும். இங்கே கயிறு ஈர்ப்பு. கல்லின் வேகமும் கயிற்றின் நீளமும் தெரிந்தால் நடுவில் இழுக்கிற திணிவு தெரியும். திணிவு = வேகம்² × ஆரை ÷ ஜி (ஈர்ப்பு மாறிலி). ஆரையைக் கிலோபார்செக்கிலும் (ஒன்று 3,260 ஒளியாண்டு), வேகத்தைச் செக்கனுக்குக் கிலோமீற்றரிலும், திணிவைச் சூரியத் திணிவிலும் வைத்தால் ஜியின் பெறுமானம் 0.0000043. வகுப்பதை விடப் பெருக்குவது லேசு: வேகம்² × ஆரை, அதை 232,600ஆல் பெருக்குங்கள். சூரியன் இருக்கும் 8.2 கிலோபார்செக் ஆரையில் வட்ட ஓட்டத்தின் வேகம் செக்கனுக்கு 230 கிலோமீற்றர் என்று எடுத்தால், நமது ஓட்டத்துக்குள் அடங்கிய திணிவு 100 பில்லியன் சூரியன்கள்.

"நமது ஓட்டத்துக்குள்" என்ற இரண்டு சொல்லைத் தவறவிடக் கூடாது. கோள வடிவில் பரவிய திணிவில், ஓட்டத்துக்கு வெளியே உள்ள ஓடு உள்ளே இருப்பதை எந்தப் பக்கமும் இழுப்பதில்லை. எல்லா இழுப்பும் ஒன்றையொன்று அடித்துப் போய்விடும். ஆகவே ஒரு கொத்து, தான் சுற்றும் எல்லைக்கு உள்ளே இருப்பதை மட்டுமே நிறுக்கும். வெளியே எவ்வளவு கரும்பொருள் (ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் பொருள்) கொட்டிக் கிடந்தாலும் அதற்குத் தெரியாது. பால்வீதியின் திணிவு இவ்வளவு என்று யாராவது எண் சொன்னால் முதல் கேள்வி "எதுவரைக்கும்?" என்பதாக இருக்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாத எண், சந்தையில் ஒரு கூறு மீனுக்கு விலை சொல்லிவிட்டுக் கூறில் எத்தனை மீன் என்று சொல்லாதது போல.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், கொத்துக்கள் வட்டமாகச் சுற்றுவதில்லை. சூரியனும் பால்வீதியின் தட்டையான பகுதியில், அதாவது தட்டில், உள்ள மற்ற விண்மீன்களும் ஒரே திசையில் சீராகப் போகும். கொத்துக்கள் அப்படி இல்லை. சிலது மேலிருந்து கீழே விழும், சிலது எதிர்த்திசையில் ஓடும் (ஒமேகா சென்டோரி அப்படித்தான்), சிலது மையத்துக்குக் கிட்டப் போய்விட்டு நீண்ட நீள்வட்டத்தில் வெளியே பறக்கும். ஆகவே ஒரு கொத்தின் வேகம் தனியாக எதையும் சொல்லாது. பல கொத்துக்களின் வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதே தேவையான அளவு. நியம விலகல்தான். இதை வேகச் சிதறல் என்பார்கள். திணிவு கூடினால் சிதறல் கூடும். திணிவு சிதறலின் வர்க்கத்துக்கு நேர்விகிதம்.

வேகத்தை எப்படி எடுக்கிறார்கள் என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிழைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

நம்மை நோக்கி அல்லது நம்மைவிட்டு ஓடும் வேகம் நிறமாலையிலிருந்து வரும். வயதான விண்மீன்கள் நிறைந்த கொத்துக்களுக்கு வசதியான அடையாளம் கல்சியத்தின் மூன்று கோடுகள்: 849.8, 854.2, 866.2 நானோமீற்றர். கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்குச் சற்று அப்பால் ஆழமாகக் கிடக்கும். செக்கனுக்கு 10 கிலோமீற்றர் வேகம் நடுக் கோட்டை வெறும் 0.0285 நானோமீற்றர்தான் நகர்த்தும். ஒரு கோட்டைக் கண்ணால் பார்த்து அளப்பதில்லை. வேகம் தெரிந்த ஒரு விண்மீனின் நிறமாலையை மேலே வைத்து வழுக்கிப் பார்த்து, எங்கே நன்றாகப் பொருந்துகிறதோ அந்த இடத்தை எடுப்பார்கள். மாதிரி விண்மீனின் உலோக அளவு (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்ந்த தனிமங்களின் அளவு) கொத்தினதை விட மிகவும் வேறாக இருந்தால் பொருத்தம் ஒரு பக்கம் சாயும். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் 60 கிலோமீற்றர் வரை வேறுபடலாம். அதைக் கழிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் கொத்தில் ஒரே ஒரு விண்மீனை அளந்து விட்டுவிடவும் கூடாது. ஒமேகா சென்டோரியின் நடுவில் விண்மீன்கள் தங்களுக்குள்ளேயே செக்கனுக்கு 20 கிலோமீற்றர் அளவில் சிதறி ஓடுகின்றன. நூற்றுக்கணக்கில் அளந்து சராசரி எடுத்தால்தான் கொத்தின் ஓட்டம் வரும்.

அடுத்தது, நாம் நிற்கிற தரையே ஓடுகிறது. சூரியன் பால்வீதியின் மையத்தைச் சுற்றிச் செக்கனுக்கு ஏறத்தாழ 248 கிலோமீற்றரில் போகிறது. வட்ட ஓட்டத்தின் வேகத்தோடு சூரியனின் சொந்த அசைவும் சேர்ந்த கணக்கு இது. ஒமேகா சென்டோரி நம்மைவிட்டு 233 கிலோமீற்றரில் விலகுகிறது என்று நிறமாலை சொல்லும். அதன் பால்வீதி நெட்டாங்கு (பால்வீதி மையத்தின் திசையிலிருந்து அளப்பது) 309.1 பாகை, அகலாங்கு 15 பாகை. அந்தத் திசையில் சூரியனின் சுழற்சி வேகத்தின் பங்கு 186 கிலோமீற்றர். அதைக் கழித்து, சூரியனின் சொந்த அசைவின் மற்ற இரண்டு கூறுகளுக்காக ஒரு 9ஐக் கூட்டினால் மிஞ்சுவது 56. அதாவது 233 என்று பார்த்ததில் முக்கால்வாசிக்கு மேல் நம்முடைய ஓட்டம். சூரியனின் வேகத்தை 248க்குப் பதில் 238 என்று போட்டால் இந்தக் கொத்துக்கு விடை 7.5 கிலோமீற்றர் மாறும். பழைய கட்டுரைகளின் எண்களைப் புதியவற்றோடு ஒப்பிடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எந்தச் சூரிய வேகத்தைக் கழித்தார்கள் என்பதை. நிறையப் பேர் பார்ப்பதில்லை.

குறுக்காக ஓடும் வேகம் நீண்ட காலம் கையில் அகப்படவில்லை. 1970களிலும் 80களிலும் இந்த வேலை செய்தவர்கள் நிறமாலை தரும் ஒற்றைக் கூறை வைத்தே ஒப்பேற்றினார்கள். 2018 ஏப்ரலில், விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் இரண்டாவது தரவு வெளியானதும் நிலைமை மாறியது. கணக்கு ஒரு வரிதான்: குறுக்கு வேகம் = 4.74 × ஆண்டு நகர்வு (மில்லி வில்செக்கன்) × தூரம் (கிலோபார்செக்). ஒமேகா சென்டோரிக்கு 4.74 × 7.5 × 5.4, கிட்டத்தட்ட 192 கிலோமீற்றர். இதிலும் சூரியனின் ஓட்டம் கலந்திருக்கிறது, மேலே செய்தது போல் கழிக்க வேண்டும்.

இந்த ஒரு வரிக்குள் இரண்டு கண்ணி இருக்கிறது. ஒன்று தூரம். தூரத்தில் 5 வீதம் வழு என்றால் குறுக்கு வேகத்திலும் 5 வீதம். திணிவுக்கு வேகம் வர்க்கமாகவும் ஆரை ஒரு தடவையும் வருவதால், மோசமான நிலையில் 15 வீதம். மற்றது கையாவின் சொந்த ஒழுங்கு வழு. ஒரு கொத்தில் ஆயிரம் விண்மீன்களைச் சராசரி எடுத்தால் தற்செயல் வழு கரைந்துவிடும், ஆனால் வானத்தில் அந்தப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி இருக்கும் சாய்வு கரையாது. இரண்டாவது தரவில் அது ஆண்டுக்குச் சுமார் 0.066 மில்லி வில்செக்கன், 2020 டிசம்பர் வெளியீட்டிலிருந்து 0.025 அளவு. 40 கிலோபார்செக்கில் இருக்கும் கொத்துக்கு முன்னது 12.5 கிலோமீற்றர் பிழை, பின்னது 5க்குக் குறைவு. விண்மீன் எண்ணிக்கையைக் காட்டி "எங்கள் வழு 0.005தான்" என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

இனி இந்த முறையின் நெஞ்சுக்கூடு. சிதறலிலிருந்து திணிவுக்குப் போகும் பாலம் ஜீன்ஸ் சமன்பாடு. ஆரையோடு சிதறல் பெரிதாக மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் அது இப்படி எளிதாகும்: திணிவு = (ஆரை × சிதறல்² ÷ ஜி) × (காமா − 2 × பீற்றா). இங்கே சிதறல் என்பது மையத்தை நோக்கிய திசையில் உள்ள சிதறல். காமா, வெளியே போகப் போகக் கொத்துக்கள் எவ்வளவு விரைவாக அருகிப் போகின்றன என்பதைச் சொல்லும், பால்வீதிக்கு 3.5 அளவு. இதை எண்ணிப் பார்த்தே எடுக்கலாம். பீற்றாதான் வில்லங்கம்.

பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு கூட்டம் வீதியைச் சுற்றி வலம் வருகிறது. இன்னொரு கூட்டம் வாசலால் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கிறது. நீங்கள் மூலஸ்தானத்தில் நின்று, ஆட்கள் உங்களை நோக்கி வரும் வேகத்தை மட்டும் அளக்கிறீர்கள் என்றால் வலம் வருகிறவர்கள் உங்கள் கணக்கில் நின்றுகொண்டிருப்பவர்கள் போலத்தான் தெரிவார்கள். பீற்றா இந்த விகிதத்தைச் சொல்வது. எல்லாத் திசையிலும் ஒரே அளவு சிதறல் என்றால் பூச்சியம். எல்லாரும் உள்ளே வெளியே ஓட்டம் என்றால் 1. வலம் வருவது மேலோங்கினால் எதிர்க் குறி.

எண்ணில் பார்க்கலாம். 20 கிலோபார்செக்கில் மையத் திசைச் சிதறல் 110 கிலோமீற்றர், காமா 3.5. பீற்றா பூச்சியம் என்றால் 197 பில்லியன் சூரியன். பீற்றா 0.5 என்றால் 141 பில்லியன். அளந்த வேகம் ஒன்றுதான். ஓட்டத்தின் வடிவத்தைப் பற்றிய ஊகம் மட்டும் 56 பில்லியன் சூரியனைப் போட்டு எடுக்கிறது. குறுக்கு வேகம் இல்லாத காலத்தில் இந்தப் பீற்றாவை ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி போட்டார்கள். திணிவும் அப்படியே தோன்றியபடி வந்தது.

2019இல் லோரா வாட்கின்ஸும் கூட்டாளிகளும் செய்த கணக்கு இந்த இடத்தில்தான் பெறுமதி. கையாவிலிருந்து 34 வெளிவட்டக் (தட்டைச் சுற்றிக் கோளமாகப் பரந்த பகுதியின்) கொத்துக்கள், மையத்திலிருந்து 2 முதல் 21.1 கிலோபார்செக் வரை. மூன்று திசை வேகமும் கையில் இருந்ததால் பீற்றாவை ஊகிக்காமல் அளந்தார்கள்: ஏறத்தாழ 0.46, அதாவது உள்ளே வெளியே ஓட்டம் மேலோங்கியது. 21.1 கிலோபார்செக்குக்குள் 210 பில்லியன் சூரியன், கூடினால் 40 கூட, குறைந்தால் 30 குறைய. பிறகு ஹபிள் தொலைகாட்டி சில ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களில் பின்னணிப் பேரடைகளை நிலையான குறியாக வைத்து அளந்த 12 தூரக் கொத்துக்களையும் சேர்த்து, மொத்தம் 46 கொத்துக்களோடு 39.5 கிலோபார்செக் வரை போனார்கள். 420 பில்லியன்.

அதே ஆண்டு பொஸ்தியும் ஹெல்மியும் 75 கொத்துக்களை வேறு வழியில் கணித்து 20 கிலோபார்செக்குக்குள் 191 பில்லியன் என்றார்கள். வேறு கொத்துத் தொகுதி, வேறு கணக்குமுறை, ஆனால் 210உடன் தோளோடு தோள் நிற்கிறது. அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? பால்வீதி "முழுவதும்" எவ்வளவு என்று கேட்டால் வாட்கின்ஸ் குழு 1,540 பில்லியன், பொஸ்தி, ஹெல்மி 1,300 பில்லியன், அதே கையா தரவை வைத்து ஈடியும் யூரிச்சும் 700 பில்லியன். உள்ளே ஒத்துப் போகிறவர்கள் வெளியே இரண்டு மடங்கு வேறுபடுகிறார்கள். காரணம் எளிது: இருநூறு, முந்நூறு கிலோபார்செக் வரையுள்ள எண்ணை யாரும் அளக்கவில்லை. உள்ளே அளந்ததைக் கரும்பொருள் இப்படித்தான் பரவியிருக்கும் என்ற ஒரு வளைகோட்டில் ஏற்றி வெளியே நீட்டினார்கள். பால்வீதி 1.5 ட்ரில்லியன் சூரியன் என்று 2019 மார்ச்சில் செய்திகளில் ஓடிய எண் இந்த நீட்டிய எண்தான். அளந்தது 0.42 ட்ரில்லியன். நீட்டியது பிழை என்று சொல்லவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், அளந்ததையும் நீட்டியதையும் ஒரே வசனத்தில் ஒரே மூச்சில் சொல்வது வாசகனுக்குச் செய்யும் அநியாயம்.

வேறு பேரடைகளுக்குப் போனால் கை இன்னும் கட்டப்படும். அவ்வளவு தூரத்தில் குறுக்கு வேகம் கிடையாது. உண்மையான ஆரையும் கிடையாது, வானத்தில் மையத்திலிருந்து தெரியும் விலகல் மட்டும் உண்டு. ஆகவே ஒவ்வொரு கொத்துக்கும் இரண்டே எண்: விலகல், நம் திசை வேகம். இதை வைத்துத் திணிவு எடுக்க 1981இல் பாகோலும் டிரிமெய்னும் ஒரு மதிப்பீட்டைத் தந்தார்கள். அதற்குமுன் புழங்கிய வைரியல் முறையில் விலகல் கீழே, வகுக்கும் இடத்தில் வரும். ஒரு கொத்து தற்செயலாக மையத்துக்கு நேர் முன்னால் தெரிந்தாலே விடை தாறுமாறாகிவிடும். இவர்கள் விலகலை மேலே கொண்டு வந்தார்கள்: ஒவ்வொரு கொத்துக்கும் வேகம்² × விலகல், அதன் சராசரி, அதை 16/பையால் (5.093) பெருக்கி ஜியால் வகுப்பது. இந்தக் குணகம் எல்லாத் திசையிலும் சமமான ஓட்டத்துக்கு. எல்லாம் உள்ளே வெளியே ஓட்டம் என்றால் இரண்டு மடங்கு, 32/பை.

கையால் செய்து பாருங்கள், விரிதாள் இருந்தால் இன்னும் நல்லது. கற்பனைப் பேரடை ஒன்றில் ஆறு கொத்து. விலகல்கள் 6, 4, 9, 12, 3, 8 கிலோபார்செக். வேகங்கள் அதே ஒழுங்கில் 1220, 1335, 1180, 1390, 1255, 1300. சராசரி 1280. கழித்தால் −60, 55, −100, 110, −25, 20. வர்க்கித்து விலகலால் பெருக்கினால் 21,600, 12,100, 90,000, 145,200, 1,875, 3,200. கூட்டினால் 273,975, ஆறால் வகுத்தால் 45,662. 5.093ஆலும் 232,600ஆலும் பெருக்கினால் 54 பில்லியன் சூரியன். இப்போது நாலாவது கொத்தை, 12 கிலோபார்செக்கில் இருப்பதை, தூக்கிவிட்டு சராசரி உட்பட எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள். 24 பில்லியன். அந்த ஒரு வரி பாதிக்கு மேல் தின்றுவிட்டது. மூன்றாவதை மட்டும் தூக்கினால் 35. ஆறாவதைத் தூக்கினால் 65. இப்படி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் எந்தப் பெரிய புள்ளிவிபரச் சூத்திரத்தையும் விட வேகமாக உண்மையைச் சொல்லிவிடும். பேரடையின் நடு வேகத்தைக் கொத்துக்களின் சராசரியிலிருந்து எடுக்காமல், முடிந்தால் பேரடையின் விண்மீன் ஒளியிலிருந்து தனியாக எடுங்கள். ஆறு கொத்தின் சராசரியே ஆட்டம் காணும் எண். இன்னொன்று: இந்த மதிப்பீடு திணிவு எல்லாம் நடுவில் ஒரு புள்ளியில் இருப்பதாக எண்ணிக் கட்டியது. கரும்பொருள் பரந்து கிடக்கும் பேரடைக்கு 2003இல் எவான்ஸ் குழு திருத்தித் தந்த மதிப்பீட்டைத்தான் இப்போது எடுக்கிறார்கள். அதில் காமாவும் ஈர்ப்பு மாறும் விதமும் குணகத்துக்குள் போய்விடும்.

எண்ணிக்கை குறைந்தால் எவ்வளவு ஆடும் என்பதற்கும் ஒரு கட்டைக் கணக்கு உண்டு. சிதறலின் வழு, 1 ÷ (2 × கொத்து எண்ணிக்கை)இன் வர்க்கமூலம். பத்துக் கொத்துக்கு 22 வீதம். திணிவில் அது 45 வீதம். நாற்பது கொத்துக்குத் திணிவில் 22 வீதம். இதன் மேல் நிறமாலை வழு வேறு. கண்ட சிதறல் 12, ஒவ்வொரு வேகத்திலும் வழு 10 என்றால் வர்க்கத்தில் கழித்து 144 − 100 = 44. அந்த வழு உண்மையில் 8தான் என்றால் 144 − 64 = 80. திணிவு இந்த 44க்கும் 80க்கும்தான் விகிதம். வழுவைப் பற்றிய உங்கள் நம்பிக்கையே விடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்குகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2018இல் வான் டொக்கும் குழு நேச்சர் சஞ்சிகையில் என்ஜிசி 1052-டிஎஃப்2 என்ற மங்கிப் பரந்த பேரடையைப் பற்றி எழுதியது. பத்தே பத்துக் கொத்து. சிதறல் 10.5 கிலோமீற்றருக்கு மேல் போகாது என்றும், 7.6 கிலோபார்செக்குக்குள் திணிவு 340 மில்லியன் சூரியனுக்குக் குறைவு என்றும் சொன்னார்கள். அதன் விண்மீன்களின் திணிவே 200 மில்லியன். அதாவது கரும்பொருளுக்கு இடமே இல்லை. உடனே சண்டை தொடங்கியது. ஒரு கொத்தின் வேகத்தைத் திரும்ப அளந்ததும் வான் டொக்கும் குழுவின் எண்ணே 7.8ஆக அமர்ந்தது, அதே பத்தை வேறு புள்ளிவிபர முறையில் செய்தவர்களுக்கு 9.5 வந்தது. மேலே அந்த நாலாவது கொத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. பிறகு தூரம். பேரடை 20 மெகாபார்செக்கில் (ஒன்று ஆயிரம் கிலோபார்செக்) இல்லை, 13இல்தான் இருக்கிறது என்று 2019இல் ஒரு குழு வாதிட்டது. கொத்துக்களிலிருந்து வரும் திணிவு தூரத்துக்கு நேர்விகிதம். ஒளியிலிருந்து வரும் விண்மீன் திணிவு தூரத்தின் வர்க்கத்துக்கு. ஆகவே பேரடையைக் கிட்டக் கொண்டு வந்தால் இரண்டுமே குறையும், ஆனால் விண்மீன் திணிவு இன்னும் வேகமாகக் குறைந்து கரும்பொருளுக்கு இடம் திறக்கும்: 20க்குப் பதில் 13 என்றால் விகிதம் ஒன்றரை மடங்கு ஏறும். 2021இல் ஹபிளின் ஆழமான படங்களில் சிவப்பு அரக்க விண்மீன்களின் உச்ச ஒளியை வைத்து 22.1 மெகாபார்செக் என்று வந்தது. அத்தோடு தூரத்தைப் பிடித்துத் தொங்கிய வாதம் பலமிழந்தது.

பெரிய பேரடைகளில் எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லை, அங்கே தொல்லை கலப்படம். இரவில் சுவாமி மலையில் நின்று கடலைப் பார்த்தால் வெளிச்சங்கள் தெரியும். எது கிட்ட நிற்கும் மீன்பிடி வள்ளம், எது தூரத்தில் போகும் கப்பல் என்று வெளிச்சத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. படத்தில் கொத்து போலத் தெரிவதில் நமது பால்வீதி விண்மீனும் இருக்கும், பின்னணிப் பேரடையும் இருக்கும். மெசியர் 87 என்ற பேரடை நம்மைவிட்டுச் செக்கனுக்கு 1,280 கிலோமீற்றர் அளவில் விலகுவதால் பால்வீதி விண்மீன்களை வேகத்தை வைத்துப் பிரிப்பது பெரும்பாலும் லேசு. அப்படியும், அதன் வெளிப்பகுதியில் சிதறல் விறுவிறுவென ஏறுகிறது என்று முன்பு கண்டது, 2011இல் நூற்றுக்கணக்கான கொத்துக்களைத் திரும்ப அளந்தபோது நிற்கவில்லை. சில பழைய வேகங்களே பிழை. வெளியே கொத்துக்கள் அரிது, ஒவ்வொன்றுக்கும் நிறை கூட. பக்கத்துப் பேரடையான அந்த்ரொமீடா இன்னும் மோசம்: அது நம்மை நோக்கி 300 கிலோமீற்றரில் வருகிறது, பால்வீதியின் வெளிவட்ட விண்மீன்களும் அதே வேகத்தில் அகப்படும். அங்கே படத்தின் கூர்மைதான் காப்பாற்றும். கொத்து கொஞ்சம் பரந்து தெரியும், விண்மீன் புள்ளியாகவே நிற்கும். அந்த்ரொமீடாவில் மற்றொரு விசேஷம், வெளிக் கொத்துக்களுக்கு ஒட்டுமொத்தச் சுழற்சி இருக்கிறது, செக்கனுக்கு ஏறத்தாழ 86 கிலோமீற்றர். அதைத் தனியாக எடுத்து வட்ட இயக்கச் சூத்திரத்தில் போட்டு, சுழற்சி கழிந்த மிச்சத்தை மட்டும் சிதறலாக எடுத்து, இரண்டு திணிவையும் கூட்ட வேண்டும். கழிக்காமல் விட்டால் ஒழுங்கான ஓட்டத்தைக் குழப்பம் என்று எண்ணிப் பெரிய குணகத்தால் பெருக்கிவிடுவீர்கள்.

கடைசியாக, சமன்பாடு எல்லாம் அமைதியான வீட்டுக்குத்தான். கொத்துக்கள் பல தடவை சுற்றி வந்து நிலைபெற்றவை என்பது அதன் அடி ஊகம். பால்வீதி அப்படி அமைதியாக இல்லை. மெசியர் 54, டெர்சான் 7, டெர்சான் 8, ஆர்ப் 2 என்ற நான்கு கொத்தும் சஜிட்டேரியஸ் சிறு பேரடையோடு கூட்டமாக வந்து சேர்ந்தவை. ஒரே பேருந்தில் வந்த நால்வரின் வேகத்தை நான்கு சாட்சியாக எண்ணக் கூடாது. அதைவிடப் பெரிய தொந்தரவு, பால்வீதியின் துணைப் பேரடையான பெரிய மகெல்லன் முகில். அது தன்னளவில் 150 பில்லியன் சூரியன் அளவு கனமாக இருக்கலாம். அது பால்வீதியின் உட்பகுதியைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. தூர வெளிவட்டம் இன்னும் பின்தொடரவில்லை. இந்த இழுபறி செக்கனுக்குச் சுமார் 32 கிலோமீற்றர் என்று 2021இல் அளந்தார்கள். அதைக் கவனிக்காமல் வெளிவட்ட ஓட்டங்களைச் சிதறலில் போட்டால் திணிவு 50 வீதம் வரை கூடிப் போகலாம் என்று அதற்கு முந்திய ஆண்டே ஓர் ஆய்வு காட்டியிருந்தது. இந்தத் தள்ளல் உள்ளே இருக்கும் கொத்துக்களை அவ்வளவாகத் தொடாது. ஏறத்தாழ 30 கிலோபார்செக்குக்கு அப்பால்தான் பல்லைக் காட்டும். ஒரு கட்டுரையின் கொத்துப் பட்டியல் கையில் கிடைத்தால், தூர நிரலை ஏறுவரிசையில் அடுக்கி, 30க்குக் கீழே ஒரு கோடு போட்டு, விடையை இரண்டு தடவை கணியுங்கள். முகிலைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஜனவரிக் கடைசியில், மாரி விட்ட ஓர் இரவில், ஒன்பது மணியளவில் மூதூர்ப் பக்கம் நின்று தெற்கே ஒரு முட்டிக்குக் கொஞ்சம் மேலே தேடலாம். மின்கம்ப விளக்கு ஒன்றும் கண்ணில் குத்தாவிட்டால் கிழிந்த முகில் துண்டு மாதிரித் தெரியும்.